பத்திரம் இருக்கு, பட்டா இருக்கு... பிளான் அப்ரூவல் எங்கே?
பழைய வீடு வாங்கும் முன் ஊராட்சி அனுமதியைத் தேடிப் பார்க்கும் வழிகள்

நிலம் வாங்கும்போது பத்திரம், பட்டா, வில்லங்கம் என்று மூன்று முறை பார்க்கும் விவசாயிகள், வீடு வாங்கும்போது சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வீட்டைக் கட்ட ஊராட்சியில் அனுமதி வாங்கினார்களா, வாங்கியிருந்தால் அந்தக் காகிதம் எங்கே என்ற கேள்வி, வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் வருகிறது. அதற்குள் கையிலிருந்த பணம் கைமாறியிருக்கும். பட்டுக்கோட்டை பக்கம் ஒரு தென்னை விவசாயிக்குக் கடந்த ஆண்டு நடந்தது இதுதான்.

16 லட்சம் ரூபாய் வீடு

அவருக்கு இரண்டு ஏக்கர் தென்னை, ஓர் ஏக்கர் நெல். குடியிருந்தது பழைய ஓட்டு வீடு. 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் தென்னையில் பாதி சாய்ந்தது, வீட்டின் ஓடும் பறந்தது. அதன் பிறகு தார்ப்பாயும் தகரமுமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்த மகள் கல்லூரி முடிக்கப் போகிறாள். 'மாப்பிள்ளை வீட்டார் வந்தால் உட்கார வைக்க ஒரு கூடம் வேண்டாமா?' என்பது அவர் மனைவியின் கவலை.

அதே தெருவில் ஒரு மெத்தை வீடு விலைக்கு வந்தது. ஊர் நத்தத்தில் நாலரை சென்ட் மனை. 1987-ல் கட்டிய தளம் போட்ட வீடு, மேலே ஒரு மாடி அறை. வீட்டைக் கட்டிய பெரியவர் காலமாகிவிட்டார். ஒரே வாரிசான மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். விலை 16 லட்சம் என்று பேசி முடித்தார்கள். வைகாசியில் கிரைய ஒப்பந்தம் எழுதிப் பதிவும் செய்தார்கள். 3 லட்சம் அட்வான்ஸ், மூன்று மாதத் தவணை. கறவை மாடு இரண்டை விற்ற பணமும் சீட்டுப் பணமும் சேர்ந்ததுதான் அந்த 3 லட்சம். நகையை வைத்தும் விற்றும் 5 லட்சம் புரட்டலாம். மீதி 8 லட்சத்துக்கு வங்கிக் கடன் என்பது கணக்கு.

வங்கியில் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். பத்திரம் இருந்தது. நத்தம் பட்டா இருந்தது. வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் அட்டை எல்லாம் இருந்தன. 'பிளான் அப்ரூவல் எங்கே?' என்று கேட்டார்கள். அது இல்லை. அது இல்லாமல் கடன் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

திருப்பூருக்குப் போன் போட்டால், "அண்ணே, எனக்கு அப்ப ரெண்டு வயசு. அப்பா என்ன வாங்குனாரு, எங்க வச்சாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார் விற்பவர். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால், கஜா புயலில் பழைய கட்டடத்தின் கூரை போனபோது நனைந்த பதிவேடுகளில் பழையவை பல மிஞ்சவில்லை என்றார்கள்.

காகிதம் ஏன் காணாமல் போகிறது?

இது ஒரு ஊரின் கதை மட்டும் அல்ல. கிராம ஊராட்சிகளில் வீடு கட்ட வரைபட அனுமதி வாங்கும் முறை புதிதாக வந்ததும் அல்ல. 1958-ம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் 1970-ல் கட்டட விதிகள் வந்தன. 1994-ல் புதிய ஊராட்சிகள் சட்டம் வந்த பிறகு, 1997-ல் புதிய கட்டட விதிகள் வந்தன. 2019-ல் இருந்து மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடப்பில் உள்ளன. இப்போது ஊராட்சி அனுமதிக்கும் இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கிறார்கள். அதனால் இனி வாங்கும் அனுமதி அவ்வளவு எளிதில் தொலையாது.

பழைய அனுமதிகள் அப்படி அல்ல. வரைபடத்தில் தலைவர் கையெழுத்துப் போட்டு, ஊராட்சி முத்திரை குத்தி, ஒரு பிரதியை வீட்டுக்காரரிடம் கொடுப்பார்கள். இன்னொரு பிரதி ஊராட்சியில் இருக்கும். பல ஊர்களில் ஊராட்சிக்குச் சொந்தக் கட்டடமே இல்லாத காலம் அது. தலைவர் மாறும்போது, எழுத்தர் மாறும்போது, அலுவலகம் இடம் மாறும்போது கட்டுகள் கைமாறின. கரையானும் மழையும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. வீட்டுக்காரர் பக்கமோ, வீடு கட்டி முடித்த பிறகு அந்தக் காகிதத்தை யாரும் மதிக்கவில்லை. பத்திரம் பெட்டிக்குள் போனது, வரைபடம் பரணுக்குப் போனது.

எனவே, 'காகிதம் இல்லை' என்று யாராவது சொன்னால், முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அனுமதி வாங்கிக் காகிதம் தொலைந்ததா, அல்லது அனுமதியே வாங்கவில்லையா? முன்னது தேடலில் தீரும். பின்னது விலையிலும் கடனிலும் எதிரொலிக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து, நல்ல வீட்டைக் கைவிடுகிறவர்களும் உண்டு, வில்லங்கமான வீட்டில் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

தரகர் கொண்டுவந்த 'அப்ரூவல்'

பட்டுக்கோட்டை விவசாயிக்கு, ஒரு வாரத்தில் தரகர் ஒரு வழி சொன்னார். "கவலைய விடுங்கண்ணே. பழைய தலைவர் நமக்கு வேண்டியவர்தான். கீழ் வீடு, மாடி ரெண்டுக்கும் சேர்த்து ஒரு பிளான் போட்டு கையெழுத்து வாங்கிரலாம். பதினஞ்சாயிரம் ஆகும்." நாலே நாளில் வரைபடமும் வந்துவிட்டது. ஊராட்சி மன்றத் தலைவர் கையெழுத்து, வட்ட முத்திரை, 2019 பிப்ரவரி தேதி. மாடி அறை கட்டியது அந்தச் சமயத்தில்தான் என்பதால் அந்தத் தேதி.

பணம் கொடுக்கும் முன் அதைத் தன் வழக்கறிஞரிடம் காட்டினார் விவசாயி. அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "2019 பிப்ரவரியில உங்க ஊருக்குத் தலைவர் யாரு?"

விவசாயி யோசித்தார். கஜா நிவாரணம் கேட்டு அலைந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. "அப்ப தலைவரே கிடையாது சார். எல்லாத்துக்கும் ஒன்றிய ஆபீசுக்குத்தான் போனோம்."

விஷயம் அதுதான். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. 2020 ஜனவரியில் புதிய தலைவர்கள் பதவியேற்றார்கள். பிரிக்கப்பட்ட புதிய மாவட்டங்கள் உள்ளிட்ட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் நிர்வாகம் தனி அலுவலர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்துத் தேதியில் 'ஊராட்சி மன்றத் தலைவர்' கையெழுத்து இருந்தால், அந்தக் காகிதம் பின்னால் தயாரித்தது என்றுதான் பொருள்.

இதேபோல 1986-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 1991-ல் முடிந்தது. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. அந்த இடைவெளியிலும் தனி அலுவலர்கள்தான். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அங்கும் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். பழைய அனுமதிக் காகிதம் கைக்கு வந்தால், தேதியையும் கையெழுத்துப் போட்டவரின் பதவியையும் இந்த ஆண்டுகளோடு ஒத்துப் பாருங்கள்.

போலி வரைபடத்தை வங்கியில் கொடுத்தால், தயாரித்தவர் மட்டும் அல்ல, அது போலி என்று தெரிந்தே பயன்படுத்தியவரும் குற்றவாளிதான். கடன் வாங்கியவர் பெயரில்தான் அந்தக் காகிதம் வங்கிக் கோப்பில் இருக்கும், தரகர் பெயரில் இருக்காது. இதைக் கேட்டதும் விவசாயி வரைபடத்தைத் தரகரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "தொகை சின்னதுதான், ஆனா எம் பேருல போய் உட்காருமே" என்றார் மனைவியிடம்.

எங்கெல்லாம் தேடலாம்?

ஊராட்சி அலுவலகத்தில் 'இல்லை' என்று வாய்ச்சொல்லில் சொன்னதோடு தேடல் முடிந்துவிடுவது இல்லை. ஒரு வீட்டுக்கான அனுமதி, பல இடங்களில் தடம் விட்டுப் போயிருக்கும்.

ஊராட்சியின் மற்ற பதிவேடுகள்: கட்டட அனுமதிக்கான கோப்பு இல்லாவிட்டாலும், அனுமதிக் கட்டணம் வாங்கியது ரொக்கப் புத்தகத்தில் இருக்கலாம். மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் பதிந்திருக்கலாம். வீட்டு வரி கேட்புப் பதிவேட்டில், ஓட்டு வீடா, தளம் போட்ட வீடா, எந்த ஆண்டு முதல் வரி என்பது தெரியும்.

ஒன்றிய அலுவலகம்: தனி அலுவலர்கள் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் கட்டிய வீடு என்றால், வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் அவசியம் கேட்க வேண்டும்.

பழைய பத்திரங்கள்: வீட்டோடு சேர்த்துக் கிரையம் ஆன பத்திரத்தில் கட்டடத்தின் பரப்பு, வயது, கூரை வகை ஆகியவற்றைச் சொல்லும் '1ஏ' படிவம் இணைந்திருக்கும். வரைபடம் இல்லாவிட்டாலும், இந்தத் தேதியில் இந்த அளவு வீடு இருந்தது என்பதற்கு அது சாட்சி.

மின் வாரியம்: இணைப்பு கொடுத்த ஆண்டு. இது வீட்டின் வயதைக் காட்டும். அனுமதி இருந்ததற்குச் சான்று ஆகாது.

கடன் கொடுத்த இடங்கள்: பலரும் மறந்துவிடுவது இதைத்தான். முன்பு அந்த வீட்டைக் கட்டியவர், கூட்டுறவு வீட்டு வசதி சங்கத்திலோ வங்கியிலோ கடன் வாங்கியிருந்தால், அனுமதி வரைபடத்தின் பிரதி அங்கே போயிருக்கும்.

கட்டியவர்கள்: வரைபடம் போட்ட பொறியாளர், அவரிடம் வேலை பார்த்தவர், கொத்தனார். சிறு நகரங்களில் வரைபட அலுவலகங்கள் தந்தைக்குப் பின் மகன் என்று நடக்கின்றன. பழைய பிரதிகளை வைத்திருப்பவர்கள் உண்டு.

10 ரூபாய் மனு

ஊராட்சியில் கேட்பதை எழுத்தில் கேளுங்கள். 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு செய்யலாம். நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு மனு போய்விட்டால், உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

இந்தச் சட்டத்தில் 'ஏன்?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. இருக்கும் ஆவணத்தின் நகலைத்தான் கேட்க வேண்டும். அந்த விவசாயி கேட்ட கேள்விகள் இவை:

1. இந்தக் கதவு எண், இந்த நத்தம் சர்வே எண்ணில் உள்ள வீட்டுக்கு 1986 முதல் 1988 வரை வழங்கிய கட்டட அனுமதி வரைபடத்தின் நகல்.

2. அந்த ஆண்டுகளுக்கான கட்டட அனுமதிப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகத்தின் உரிய பக்கங்களின் நகல். இல்லை என்றால், இல்லை என்ற விவரம்.

3. அதே கதவு எண்ணுக்கு 2016 முதல் 2020 வரை ஏதேனும் கட்டட அனுமதி வழங்கியிருந்தால் அதன் நகல்.

4. அந்த வீட்டுக்கு முதன்முதலில் வரி விதித்த ஆண்டைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.

27-ம் நாள் பதில் வந்தது. 1987-ம் ஆண்டின் அனுமதிப் பதிவேடு அலுவலகத்தில் இல்லை. 2016 முதல் 2020 வரை அந்தக் கதவு எண்ணுக்கு அனுமதி எதுவும் வழங்கவில்லை. 1990-91 வரிப் பதிவேட்டில் தளம் போட்ட வீடு என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகல் இணைப்பில் இருந்தது.

'இல்லை' என்ற பதிலும் பயன்படும். இவ்வளவு தூரம் தேடியும் கிடைக்கவில்லை என்று வங்கியின் சட்ட ஆலோசகரிடம் காட்ட, அலுவலகம் தந்த எழுத்து கையில் இருக்கும். அதோடு, மாடி அறைக்கு அனுமதி இல்லை என்பதும் இதில் உறுதியானது. தரகரின் வரைபடத்தைக் கொடுத்திருந்தால் இந்த ஒரு பதிலே அதைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

வில்லங்கச் சான்றில் ஒரு வரி

வங்கி கேட்டபடி 30 ஆண்டு வில்லங்கம் போட்டிருந்தார்கள். அதில் 1998-ல் ஒரே ஒரு பதிவு. 'ரசீது' என்று இருந்தது. எழுதிக் கொடுத்தது ஒரு கூட்டுறவு வீட்டு வசதி சங்கம். எழுதி வாங்கியது வீட்டைக் கட்டிய பெரியவர். விற்பவரும் வாங்குபவரும் அதைக் 'கடன் ஏதோ அடைத்தது' என்று கடந்து போயிருந்தார்கள்.

வழக்கறிஞர் அங்கேதான் நின்றார். கடன் அடைத்த ரசீது 1998-ல் இருக்கிறது என்றால், கடன் வாங்கிய அடமானப் பத்திரம் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். 30 ஆண்டு வில்லங்கத்தில் அது வராது. பதிவுத் துறை இணையதளத்தில் 1975 முதலான வில்லங்கத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து போட்டுப் பார்த்ததில், 1987-ல் அதே சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த அடமானம் தெரிந்தது. வீடு கட்டிய அதே ஆண்டு. வீடு கட்டத்தான் கடன். கட்டட வரைபடம் இல்லாமல் சங்கம் அந்தக் கடனைக் கொடுத்திருக்காது.

திருப்பூரிலிருந்து மகன் வந்தார். வாரிசுச் சான்றையும் அடமானப் பத்திரத்தின் எண்ணையும் இணைத்து, தன் தந்தையின் கடன் கோப்பிலிருந்து நகல் கேட்டு மனு கொடுத்தார். கடன் அடைந்து 27 ஆண்டு ஆன கோப்பு. உடனே கிடைக்கவில்லை. இரண்டு முறை திரும்பி வந்தார்கள். இதற்குள் ஒப்பந்தத் தவணை முடிய 12 நாள்தான் இருந்தது. விவசாயியின் மனைவிக்குத் தூக்கம் போனது. தவணை தாண்டினால் அட்வான்ஸ் என்ன ஆகும்? வழக்கறிஞர் சொன்னபடி, விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து தவணையை மேலும் இரண்டு மாதம் நீட்டித்து எழுதிக்கொண்டார்கள். விற்பவர் மறுக்கவில்லை. அவர் மறுத்திருந்தால் நிலைமை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

மூன்றாவது முறை போனபோது கோப்பு கிடைத்தது. மடித்த இடத்தில் கிழிந்துபோன நீல வரைபடம். 1986-ல் தேர்வான தலைவரின் கையெழுத்து, ஊராட்சி முத்திரை, 1987 தேதி. கீழே தரைத்தளத்தின் அளவுகள். நேரில் அளந்து பார்த்தபோது சமையலறை ஓர் அடி கூடுதலாக இருந்தது, மற்றபடி எல்லாம் ஒத்துப்போனது. "அப்பா கையெழுத்துண்ணே இது" என்று விண்ணப்பதாரர் பெயருக்குக் கீழே இருந்த கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார் மகன்.

மாடி அறை என்ன ஆயிற்று?

தரைத்தளத்துக்கு அனுமதி கிடைத்தது. மாடி அறைக்குக் கிடைக்கவில்லை. அது கஜாவுக்குப் பிறகு இடம் போதாமல் அனுமதி இல்லாமல் கட்டியதுதான். அதை மறைக்காமல் வங்கியிடம் சொன்னார்கள். வங்கியின் பொறியாளர் வந்து பார்த்து, அனுமதி உள்ள தரைத்தளத்தை மட்டும் மதிப்பில் எடுத்துக்கொண்டார். 8 லட்சம் கேட்ட இடத்தில் ஆறரை லட்சம் கடன் கிடைத்தது.

குறைந்த ஒன்றரை லட்சத்தை யார் ஏற்பது என்ற பேச்சு வந்தது. அனுமதி இல்லாத அறைக்கு முழு விலை கேட்க முடியாது என்பதை விற்பவர் ஒப்புக்கொண்டார். விலை பதினாலரை லட்சம் ஆனது. அட்வான்ஸ் 3, நகைப்பணம் 5, கடன் ஆறரை. ஐப்பசியில் கிரையம் முடிந்தது. பத்திரத்தில் தரைத்தளம், மாடி அறை இரண்டையும் உள்ளது உள்ளபடி எழுதினார்கள். மாடி அறையை முறைப்படுத்தும் பொறுப்பு இனி வாங்கியவருடையது. உரிமம் பெற்ற பொறியாளரை வைத்து அளந்து, வரைபடம் தயாரித்து, ஊராட்சியில் விண்ணப்பிக்கும் வேலையைத் தை அறுவடைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார்.

தேடியும் எதுவும் கிடைக்காவிட்டால்?

எல்லா ஊரிலும் நீல வரைபடம் கிடைத்துவிடாது. அப்போது செய்ய வேண்டியவை:

வீட்டின் வயதை நிரூபிக்கும் காகிதங்களைச் சேருங்கள். பழைய வரிப் பதிவேட்டு நகல், மின் இணைப்பு ஆண்டு, பழைய பத்திரத்தின் கட்டட விவரம், தகவல் உரிமைச் சட்டப் பதில் எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பு ஆகட்டும்.

உரிமம் பெற்ற பொறியாளரை வைத்து, இப்போது உள்ளபடி வரைபடமும் கட்டட உறுதித் தன்மைச் சான்றும் வாங்குங்கள். இது அனுமதிக்கு ஈடு ஆகாது. ஆனால் வாங்குகிறவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரியும்.

இந்தக் கோப்போடு வங்கிக்குப் போங்கள். பழைய நத்தம் வீட்டுக்கு எதை ஏற்பது என்பதில் வங்கிக்கு வங்கி வழக்கம் மாறும். ஒரு கிளை மறுத்தால் இன்னொரு வங்கியில் கேட்கலாம். ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள்.

கிரைய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: 'கட்டட அனுமதி இல்லாத காரணத்தால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால், அட்வான்ஸ் தொகையை இத்தனை நாளுக்குள் திருப்பித் தர விற்பவர் சம்மதிக்கிறார்.' அந்த விவசாயியின் ஒப்பந்தத்தில் இந்த வரி இல்லை. விற்பவர் நல்லவராக இருந்ததால் தப்பித்தார்.

கடைசியாக ஒன்று. அனுமதி வரைபடம் சரியாக இருக்கிறது என்பதால் இடம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கு எத்தனை தலைவர் கையெழுத்து இருந்தாலும் அது ஆக்கிரமிப்புதான். எனவே முதலில் உரிமைப் பத்திரம், அடுத்து நிலத்தின் வகைப்பாடு, அதன் பிறகு கட்டட அனுமதி. இந்த வரிசையில் பாருங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: 30 வருடமாக வீட்டு வரி கட்டுகிறோம். ரசீது எல்லாம் இருக்கிறது. அனுமதி வாங்கியதாகத்தானே அர்த்தம்?

பதில்: இல்லை. ஊராட்சி எல்லைக்குள் வீடு இருந்தால் வரி விதிப்பார்கள். அனுமதி இல்லாத வீட்டுக்கும் வரி உண்டு. ரசீது, அந்த வீடு அந்த ஆண்டில் இருந்தது என்பதற்குச் சான்று. அனுமதிக்கும் சான்று ஆகாது, உரிமைக்கும் சான்று ஆகாது.

கேள்வி: தாத்தா 1965-ல் ஊர் நத்தத்தில் கட்டிய ஓட்டு வீடு. வரைபட அனுமதி என்ற பேச்சே அப்போது இல்லை. இதை விற்றால் பதிவு செய்வார்களா?

பதில்: 1970-ல் கட்டட விதிகள் வருவதற்கு முந்தைய வீடு அது. நத்தம் பட்டா, வாரிசு ஆவணங்கள், பழைய வரி ரசீதுகளோடு பதிவுக்குப் போகலாம். கட்டட அனுமதி இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கிரையப் பதிவு நிற்காது. வாங்குபவர் வங்கிக் கடன் வாங்கப் போகிறார் என்றால், வீட்டின் வயதைக் காட்டும் ஆவணங்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பின்னாளில் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டிருந்தால், அந்த வேலைக்கு அனுமதி வாங்கியிருக்கிறதா என்ற கேள்வி தனியாக வரும்.

கேள்வி: 2012-ல் ஊராட்சித் தலைவர் அப்ரூவல் கொடுத்த மனை என்று சொல்லி விற்றார்கள். அதில் வீடு கட்டியிருக்கிறோம். இப்போது செல்லாது என்கிறார்களே?

பதில்: இரண்டு அனுமதிகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தருவது வேறு, நிலத்தை மனைகளாகப் பிரிக்க அனுமதி தருவது வேறு. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டு மனையாகப் பதிவாகியிருந்தால், மறுபடி விற்கும்போது பதிவுக்கு வழி உண்டு. ஆனாலும், அங்கீகாரம் இல்லாத மனைகளுக்காக 2017-ல் கொண்டுவந்த விதிகளின்படி உங்கள் மனையோ மனைப்பிரிவோ வரன்முறை ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு அனுமதி, கடன் எதற்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி: விற்கப்போவது நாங்கள்தான். எங்கள் வீட்டு அனுமதிக் காகிதம் கிடைக்கவில்லை. வாங்க வருபவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு தெரிந்தால் பேச்சு முறியும், வழக்கும் வரலாம். விற்கத் தீர்மானித்ததும் 10 ரூபாய் மனுவை நீங்களே போடுங்கள். பழைய கடன் ஏதேனும் வாங்கியிருந்தால் அந்தக் கோப்பைத் தேடுங்கள். தேடிக் கிடைத்த நகலைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். இப்போதே வீட்டில் இருக்கும் வரைபடத்தைப் பரணிலிருந்து இறக்கிப் படம் எடுத்து, பிள்ளைகள் கைப்பேசியிலும் ஒரு பிரதி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த புயலில் கூரை பறந்தாலும் அந்தப் பிரதி இருக்கும்.